பின்பக்கத்து விலாசம்

அந்த வீட்டுக்கு முகம் தெற்குத் தெருவில்.
எங்களுக்கு வாய்த்தது முதுகு.

முன்வாசலில் வேன் வந்து நிற்கும்.
முட்டை வெண்கரு, கடுக்காய்,
தடவிப் பாருங்கள், பளிங்கு தோற்கும் என்பார் வழிகாட்டி.
எங்கள் பக்கம் தடவினால்
சுவர் கையோடு வரும்.

நூற்றிருபது அடி நீளம்.
நடுவில், இரை விழுங்கிய பாம்பின் புடைப்பு.
அதற்கு நேர் கீழே குழாயடி.
பால்வாடிக்குப் போக வேறு வழி கிடையாது.

முதல் செங்கல் ரகமத்தின் வெள்ளாட்டின் மேல் விழுந்தது.
சினை ஆடு.
இரண்டாவது, ஆடிக் காற்றில்,
பொன்னழகு சைக்கிளின் பின்சீட்டில்.
மகளை இறக்கிவிட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.
அன்று ராத்திரி மாவு மில்லில் கூடினோம்
பதினோரு பேர்.
மோட்டாரை நிறுத்திய பிறகும்
காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை. முதல் பஸ். சிவகங்கை.
இருபது நாளில் பதில்:
'மனுவில் கண்டுள்ள வடக்குத் தெருவில்
மேற்படி வீடு ஏதும் இல்லை.'

உண்மைதான்.
பதிவேட்டில் அது தெற்குத் தெரு, நான்காம் எண்.
இந்தப் பக்கம் அதற்கு வாசல் இல்லை, எண் இல்லை,
வரி இல்லை.
இல்லாத வீட்டின் அடியில்
குடத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

தெருவைத் திருத்தி எழுதினோம்.
உரிமையாளர் அனைவருக்கும் அறிவிப்பு போக வேண்டும்,
பெயர் விலாசம் தருக என்றார்கள்.
நாற்பத்தேழு பங்கு.
காவல்காரர் வீரணன் பழைய கல்யாணப் பத்திரிகைகளை
ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்தார்.
ஈப்போ, பினாங்கு, அண்ணாநகர், டல்லாஸ்.
இறந்தவர்களுக்கும் பதிவுத் தபால் அனுப்பினோம்,
யார் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாதே.

வந்தவர் ஒருவர். சாத்தப்பன்,
ஓய்வுபெற்ற வங்கிக்காரர், கையில் குடை.
பிறந்ததிலிருந்து இந்தப் பக்கம் வந்ததில்லை என்றார்.
அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.
'நாற்பத்தேழில் ஒன்று எங்கப்பாவுக்கு.
அதில் மூன்றில் ஒன்று எனக்கு.
எந்தச் செங்கல் என்னுதுன்னு சொல்லுங்க,
இப்பவே எடுத்துக்கிறேன்.'
யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.
தாகம் என்றார்.
குழாயடிக்குக் கூப்பிட்டோம்.
வரவில்லை.
செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கொத்தனார் அடைக்கலம் சொன்னார்:
விரிசலுக்குக் குறுக்கே காகிதம் ஒட்டுங்க.
கிழிஞ்சா சுவர் நடக்குதுன்னு அர்த்தம்.
கையில் இருந்த காகிதம் மனு ரசீதுதான்.
மைதாப் பசை காய்ச்சி
தேதிவாரியாக ஒட்டினோம்.

புரட்டாசிக்குள் ஐந்து கிழிந்தது.
காரையோடு பெயர்த்து, தட்டில் ஏந்தி,
மறுபடி முதல் பஸ்.
அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
'அரசாங்க ரசீதைக் கிழித்தது யார்?'

'வீடுதான் ஐயா,' என்றாள் ரகமத்து.
'அந்த இல்லாத வீடு.'

அதன் பிறகு டேப் பிடித்து அளந்தார்கள்.
சிவப்புப் பெயிண்டில் அபாயம் என்று எழுதினார்கள்,
புடைப்பின் மேலேயே, ஏணி சாத்தி.
ஏணியை எடுக்கும்போது கொஞ்சம் உதிர்ந்தது.
சவுக்குக் கட்டை முட்டுக்கொடுக்க
மதிப்பீடு தயாராகிறதாம்.

மழை தொடங்கியது.
ஒரு ராத்திரி நாங்களே பள்ளம் தோண்டி
குழாயை எதிர்ச்சாரிக்கு மாற்றினோம்.
பன்னிரண்டு அடி பைப், இரண்டு எல்போ,
பொன்னழகு பிடித்த டார்ச் வெளிச்சம்.

மூன்றே நாளில் அறிவிப்பு வந்தது.
அனுமதியின்றிப் பொதுக்குழாயை இடம் மாற்றிய குற்றம்.
பதினோரு பெயரும் பிழையில்லாமல்,
தெரு சரி, எண் சரி,
பின்கோடுகூடச் சரி.

நல்ல தடித்த தாள்.
கிழக்கு ஓரத்தில் புதிதாக ஒரு விரிசல் கண்டிருக்கிறது.
அதற்குக் குறுக்கே ஒட்டியிருக்கிறோம்.